மினுக்குவதற்கு முன்னே



மைசூரிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே, ‘பயணா’ என்னும் பழைய கார்களின் அருங்காட்சியகம் 2023-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கே நம் கண் முதலாவது வெளி வண்ணத்தின்மேல்தான் விழும். ஆனால் ஒரு காரின் வயதை உள்ளபடி சொல்வது அதன் உட்புறமே. ஓட்டியவரின் கை நாள்தோறும் பட்டுத் தேய்ந்த டாஷ்போர்டும், இருக்கைகளுக்கு நடுவேயுள்ள கன்சோலும் அதற்குச் சாட்சி.

உங்களில் அநேகர் பட்டறைகளில் உழைக்கிறீர்கள்; சிலர் தகப்பனாரின் பழைய காரை விற்க மனமின்றி வைத்திருக்கிறீர்கள். உட்புறத்தைப் புதுப்பிக்கும்போது மூன்று காரியங்களைக் கவனிப்பீர்களாக.

முதலாவது, பழுதின் காரணத்தை அறியுங்கள். விலையுயர்ந்த பழைய கார்களில் காணும் மரப்பலகை பெரும்பாலும் முழு மரமன்று. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள வெனீர் ஒட்டப்பட்டதே. வெயிலினால் மேற்பூச்சு வெடிக்கிறது, வெடிப்பின் வழியே ஈரம் இறங்குகிறது, வெனீர் தூக்குகிறது. அதன்மேல் மர ஸ்டிக்கரை ஒட்டினால் குறை மறையும், ஆனால் ஈரம் உள்ளேயே தங்கும்.

இரண்டாவது, அவசரப்படாதிருங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றியபின் பலகைகளைப் புகைப்படம் எடுத்து, திருகுகளுக்குக் குறியிட்டுப் பிரியுங்கள். பழைய பூச்சை, அதற்குரிய இரசாயனத்தைக் கொண்டு, காற்றோட்டமான இடத்தில் கையுறை அணிந்து நீக்குங்கள். மின்சாரத் தேய்ப்பான் வேண்டாம். ஒரு நிமிடத்தில் வெனீரைத் துளைத்துவிடும். தேய்ந்துபோன வெனீர் மறுபடி வளராது. தூக்கிய இடத்தில் பசை செலுத்தி, சமமான பலகையால் அழுத்தி, ஒரு நாள் விடுங்கள். பின்பு மெல்லிய பூச்சாகப் பல முறை பூசி, இடையிடையே நைஸான உப்புத்தாளால் தேய்த்து, நன்கு காய்ந்தபின்பே மெருகிடுங்கள்.

பிளாஸ்டிக் கன்சோலுக்கும் இதுவே ஒழுங்கு. விரிசலைப் பின்புறத்திலிருந்து ஒட்ட வேண்டும். கடைகளில் கிடைக்கும் பளபளப்புத் திரவங்கள் பலவற்றில் சிலிக்கோன் உண்டு. அதை முற்றிலும் கழுவாமல் வண்ணம் பூசினால், வண்ணம் ஒட்டாமல் சிறு சிறு குழிகள் விழும்.

மூன்றாவது, காக்கக்கூடியதை எறியாதிருங்கள். அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றது. உடைந்த பாகத்துக்குப் பதிலாகக் கம்பெனியின் புதுப் பாகம் எளிதில் வராது. ஆகையால் உடைந்த துண்டையும் பத்திரப்படுத்துங்கள். புதியதைச் செய்ய அதுவே அளவாகும்.

இதற்குத் தொலைவில் முன்மாதிரி தேட வேண்டியதில்லை. ஈட்டி மரத்தில் சித்திரம் பதிக்கும் கலை மைசூருக்குப் புவிசார் குறியீடு பெற்றுத் தந்தது. யானைத் தந்த வணிகம் தடை செய்யப்பட்டபின்பும் அக்கலை அழியவில்லை. பற்பல நிற மரத்துண்டுகளையே வெட்டி, இடைவெளி தெரியாமல் பதிக்கிறார்கள். வெனீரில் பெயர்ந்த இடத்தை அதே ரேகையுள்ள துண்டால் நிரப்புகிறவனுக்கு வேண்டியதும் அந்தக் கண்ணும் அந்தப் பொறுமையுமே.

மினுக்கம் கடைசி வேலை. அதை முதல் வேலையாகச் செய்கிற பட்டறைக்கு, தகப்பனாரின் கை பட்ட பலகையை ஒப்படைக்காதிருங்கள். கூலி பேசுமுன், “பழைய பலகையை என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். வருகிற பதிலே அந்தப் பட்டறையின் தரத்தைக் காட்டிவிடும்.