பொறுப்பு எவருடையது?

எண்ணூர் ஆலைக்கு இரவுப் பணிக்குச் செல்லும் தந்தையும், விடியுமுன் காசிமேட்டுத் துறைக்கு மீன் வாங்க விரையும் தாயும், வீட்டில் விட்டுச் செல்வது பிள்ளையை மட்டுமன்று. அவன் கையில் ஒரு செல்பேசியையுந்தான். அதனுள் நூறு பேர் ஒரு தீவில் இறங்குவர். ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துவர். இறுதியில் எஞ்சுபவனே வென்றவன்!

இப் பப்ஜி விளையாட்டை நடுவணரசு 2020-இல் தடைசெய்தது. பிள்ளைகளைக் கருதியா? இல்லை, நாட்டின் பாதுகாப்பைக் கருதி! 2021-இல் அது வேறு பெயர் பூண்டு மீண்டது. 18 அகவை நிறையாதார்க்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டுமாம். வீட்டுக்கு ஒரே செல்பேசி; அதுவும் பிள்ளையின் கையில். ஒப்புதல் தருபவர் எவர்?

திரைப்படங்களுக்கு 7, 13, 16 என அகவை குறித்துச் சான்றளிக்க 2023-இல் சட்டம் திருத்தப்பட்டது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளுக்குத் தமிழ்நாட்டரசு 2025-இல் வகுத்த நெறிமுறைகளோ, 18 நிறையாதாரை அறவே விலக்கின; ஆதார் வழி ஆளைச் சரிபார்க்கச் செய்தன; நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை வாயிலை அடைத்தன. பணப்பைக்குக் கட்டிய வேலியைப் பிஞ்சுள்ளத்திற்குக் கட்டலாகாதா?

“பிள்ளையைக் காப்பது பெற்றோர் பொறுப்பு” என்பர். மெய்தான். விளையாடும் பிள்ளையெல்லாம் கொலைஞனாவான் என்பதுமன்று. ஆயினும், புட்டியில் உள்ளது இன்னதென எழுதாமல் விற்றவனை விட்டுவிட்டு, உழைத்துக் களைத்த தாயைப் பழிப்பது அறமாகுமா?

விழிப்புரை அத்தாய் படிக்கும் தமிழில் இருத்தல் வேண்டும். அகவையைச் சரிபார்ப்பது விற்பவன் கடமையாதல் வேண்டும். தவறின் தண்டம் வேண்டும். ஊதியம் அவனுக்கெனில், பொறுப்பும் அவனுக்கே!