மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பல்கள்: கரையில் இறங்கும் ஒரு நாளின் கணக்கு

2025ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதி முதல் கிறீஸ் தேசத்தின் துறைமுகங்களில் கரையிறங்கும் ஒவ்வொரு உல்லாசக் கப்பல் பிரயாணிக்கும் தலைவரி விதிக்கப்பட்டுள்ளது. கோடையின் உச்சப் பருவத்தில் சந்தோரினி, மைக்கோனொஸ் ஆகிய இரு தீவுகளிலும் ஆளுக்கு 20 யூரோ. ஏனைய துறைமுகங்களில் 5 யூரோ. குளிர்காலத்தில் இவை முறையே 4 யூரோவாகவும் 1 யூரோவாகவும் குறைகின்றன. கப்பற் சீட்டின் விலையோடு ஒப்பிடுகையில் இது அற்பத் தொகையே. ஆயினும் அதன் பின்னாலுள்ள மனமாற்றம் அற்பமானதன்று. உல்லாசப் பிரயாணிகளை வருந்தி அழைத்த துறைமுகங்கள் இன்று வாசலில் நின்று ஆட்களை எண்ணத் தொடங்கியுள்ளன.

இது எமது வாசகர்களுக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் வாழும் எம்மவர் குடும்பங்கள் பல, பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்தையோ பிள்ளைகளின் பட்டமளிப்பையோ சாட்டாக வைத்து இக்கப்பல்களில் ஏறுகின்றன. மூன்று நாடுகளில் சிதறிக் கிடக்கும் சகோதரர்கள் ஒரு கிழமை ஒரே கூரையின் கீழ் இருப்பதற்கு இதைவிட வசதியான வழி இல்லை என்பது அவர்களுடைய வாதம். அதில் நியாயம் உண்டு. ஒரு காலத்தில் எம்மவரிடையே கப்பல் என்ற சொல்லுக்கு வேறு பொருளும் இருந்தது. அதனைப் பின்னர் பார்ப்போம்.

வெனிஸ் நகரிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 2019 ஜூன் 2ஆம் திகதி கியூதெக்கா கால்வாயில் கட்டுப்பாட்டை இழந்த பாரிய கப்பலொன்று கரையையும் அங்கு கட்டப்பட்டிருந்த சுற்றுலாப் படகொன்றையும் மோதியது. காயங்களோடு தப்பினார்களேயன்றி உயிரிழந்தோர் இல்லை. எனினும் பல்லாண்டுகளாக நகரவாசிகள் எழுப்பிவந்த குரலுக்கு அவ்விபத்து வலுச் சேர்த்தது. 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி முதல் 25,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான் மார்க்கோ சதுக்கத்தின் முன்னால் செல்வதை இத்தாலிய அரசு தடை செய்தது. இதன் விளைவு யாது? விளம்பரத்தில் 'வெனிஸ்' என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும்; கப்பலோ மார்கேராவின் கைத்தொழில் துறைமுகத்திலோ, நூற்று நாற்பது கிலோமீற்றர் அளவு தொலைவிலுள்ள ரவென்னாவிலோ, திரியெஸ்தேயிலோ நிற்கும். ரவென்னாவிலிருந்து வெனிசுக்குப் பேரூந்தில் இரண்டரை மணித்தியாலம். போக வர ஐந்து மணித்தியாலம் கழிந்தால் எஞ்சுவது என்னவென்று கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். அத்துடன், 2024 ஏப்ரல் 25ஆம் திகதி முதல் வருடத்தின் குறிப்பிட்ட சில நாட்களில் பகற்பிரயாணிகள் நுழைவுக் கட்டணமும் செலுத்த வேண்டியவர்களாயினர். முதல் ஆண்டில் 29 நாட்களுக்கு 5 யூரோ. 2025இல் 54 நாட்கள், கடைசி நேரத்தில் பதிவோருக்கு 10 யூரோ.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. ரவென்னாவில் இறங்கியதும் வெனிசை நோக்கி விரையும் பேரூந்துகள், ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுகளின் ஒப்பற்ற வண்ணக்கல் ஓவியங்களைக் கொண்ட தேவாலயங்களைத் தாண்டியே செல்கின்றன. யுனெஸ்கோ 1996இல் அவற்றை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மகாகவி தாந்தேயின் சமாதியும் அந்நகரிலேயே உள்ளது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று எமது பெரியோர் சொன்னது இதனைத்தான். விரிவுரை மண்டபத்தை விட்டு வெளியேறி நெடுங்காலமாயினும் இப்படியான இடங்களில் எமக்குப் பழைய குணம் தலைகாட்டி விடுகின்றது, வாசகர்கள் பொறுத்தருள்க.

குரோசியாவின் டுப்ரோவ்னிக் நகரம் 2019 முதல் ஒரே வேளையில் இரண்டு கப்பல்களுக்கு மேல் ஏற்பதில்லை என்ற ஏற்பாட்டுக்கு வந்தது. ஸ்பெயினின் பல்மா 2022இல் நாளொன்றுக்கு மூன்று கப்பல் என வரையறுத்தது. ஏழு கப்பல் முனையங்களை 2030 அளவில் ஐந்தாகக் குறைப்பதற்கு பார்சலோனா மாநகரமும் அதன் துறைமுகமும் 2025 ஜூலையில் உடன்பட்டன.

இக்கட்டுப்பாடுகளைப் பொறாமையின் வெளிப்பாடு என்று கப்பல் வர்த்தகத்தின் ஆதரவாளர்கள் கூறுவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. சந்தோரினியை எடுத்துக்கொள்வோம். நிரந்தரமாக வாழ்வோர் சுமார் 15,500 பேர். கப்பல்களில் இருந்து இறங்குவோர் நாளொன்றுக்கு 8,000 என்ற உச்ச வரம்பே 2025இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னைய கோடைகளில் அதனையும் விஞ்சிய நாட்கள் இருந்தன. இவர்கள் தீவில் தங்குவதில்லை. உறக்கமும் மூன்று வேளை உணவும் கப்பலிலேயே முன்பணம் கட்டிப் பெறப்பட்டவை. கரையில் செலவாவது ஒரு கோப்பி, ஒரு குளிர்பானம், ஒரு சிறு நினைவுப் பொருள். தண்ணீரும் குப்பையும் நெரிசலும் மட்டும் தீவின் பங்குக்கு வருகின்றன. கரைச் சுற்றுலாவிற் கிடைக்கும் வருமானத்திலும் கணிசமான பகுதி கப்பற் கம்பனிக்கே செல்கின்றது. உள்ளூர் முகவர் பேரூந்தையும் வழிகாட்டியையும் ஒழுங்கு செய்கிறார்; கம்பனி அதற்கு மேல் தன் இலாபத்தை வைத்துப் பிரயாணிக்கு விற்கின்றது. ஆறாயிரத்துக்கும் அதிகமானோரை ஏற்றும் கப்பல்கள் இப்போது இக்கடலில் ஓடுகின்றன. அப்படியான கப்பலொன்று காலை ஏழு மணிக்கு வந்து மாலை ஆறுக்குப் புறப்படும்போது, ஒரு சிறு பட்டணம் முழுவதும் இன்னொரு சிறு பட்டணத்தின் மீது வந்திறங்கி எழுந்து போகின்றது என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே கரையில் இறங்கும் நாளைத் திட்டமிடுவோர் முதலிற் பார்க்க வேண்டியது துறைமுகத்தின் பெயரையன்றி அதன் தூரத்தை. 'ரோமாபுரி' என்று குறிக்கப்பட்டிருப்பது சிவித்தாவெக்கியா துறைமுகம். அங்கிருந்து ரோம் ஏறத்தாழ எழுபது எண்பது கிலோமீற்றர், புகையிரதத்தில் சுமார் ஒரு மணித்தியாலம். 'புளோரன்ஸ்' எனப்படுவது லிவோர்னோ, மேலும் தொலைவு. லிவோர்னோவில் இறங்குவோர் சிறு பிள்ளைகளோடு இருந்தால் அருகிலுள்ள பீசாவோடு நின்றுவிடுவதே புத்தி. இதற்கு மாறாக நேப்பிள்ஸ் நகரமோ துறைமுக வாசலிலேயே தொடங்குகின்றது. பொம்பெயி இடிபாடுகளுக்கு உள்ளூர்ப் புகையிரதம் உண்டு. ஆனால் பொம்பெயிக்கும் 2024 நவம்பர் முதல் நாளுக்கு 20,000 பேர் என்ற எல்லை வந்துவிட்டது. அதென்ஸ் அக்ரோபொலிஸ் 2023 செப்டெம்பரிலேயே இதே எண்ணை வரித்துக்கொண்டு, மணிக்கணக்கில் நுழைவுச் சீட்டு வழங்கத் தொடங்கியது. வாசலில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற எமது பழக்கம் இங்கு எடுபடாது.

அடுத்தது நேரம். கம்பனியின் சுற்றுலாவிற் சென்ற பேரூந்து தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்களை அனுப்புவது கம்பனியின் பொறுப்பாகும். தனியே சென்றவர் தாமதித்தால் கப்பல் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்கு விமானச் சீட்டு அவர் கைச்செலவு. எமது அபிப்பிராயம் இது: தூர இடங்களுக்குக் கம்பனியின் பேரூந்து, காலால் நடக்கக்கூடிய பட்டணங்களுக்குச் சொந்தக் கால். நேப்பிள்சிலும் வலெற்றாவிலும் டுப்ரோவ்னிக்கிலும் கம்பனிக்குப் பணம் கொடுப்பது வீண். டுப்ரோவ்னிக்கில் பெரிய கப்பல்கள் நிற்கும் குரூஸ் துறைமுகத்திலிருந்து பழைய நகருக்கு நகரப் பேரூந்தே போதும்.

இவை யாவும் எவர்க்கும் பொதுவானவை. எம்மவரிற் பலருக்கு மட்டும் உரிய பிரச்சினை ஒன்று உண்டு. அது கையிலுள்ள ஆவணம்.

ஒரே குடும்பத்தில் மகனிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டும், மருமகளிடம் இலங்கைக் கடவுச்சீட்டும், தாயிடம் 1951ஆம் ஆண்டின் சாசனத்தின்படி வழங்கப்பட்ட அகதிப் பயண ஆவணமும் இருப்பது எம்மிடையே சாதாரணம். மூவரும் ஒரே மேசையில் உணவருந்தலாம். ஒரே துறைமுகத்தில் இறங்கலாம் என்பது நிச்சயமில்லை. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், கிறீஸ், மால்ற்றா ஆகியன ஷெங்கன் வலயத்தில் உள்ளன. 2023 ஜனவரி 1 முதல் குரோசியாவும் சேர்ந்தது. துருக்கியும் மொன்ரநீக்ரோவும் தூனிசியாவும் வலயத்துக்கு வெளியே. கப்பல் பிரேயசிலிருந்து துருக்கியின் குசாதாசிக்குச் சென்று மீண்டும் கிரேக்கத் தீவொன்றுக்கு வருமானால், ஒரு தடவை நுழையும் விசா வைத்திருப்பவர் இரண்டாம் தடவை நுழைய முடியாது. பல தடவை நுழையும் விசா வேண்டும். துருக்கிக்கும் தனியே அனுமதி வேண்டும். கரையில் இறங்காது கப்பலிலேயே இருந்துவிடுகிறேன் என்ற சமாதானம் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை.

அகதிகளின் பயண ஆவணத்துக்கு மூன்று மாதம் வரை விசாவின்றிச் செல்லும் வசதியை வழங்கும் ஐரோப்பிய ஒப்பந்தமொன்று 1959இல் ஸ்ட்ராஸ்பேர்கில் செய்யப்பட்டது. பிரான்ஸ் 1986இலும் பிரித்தானியா 2003இலும் அதனை இடைநிறுத்தின. ஆகையால் இன்று எந்த நாடு எந்த நாட்டின் ஆவணத்தை ஏற்கின்றது என்பதைத் துறைமுகம் துறைமுகமாக விசாரித்தே அறிய வேண்டியுள்ளது. அகதி விண்ணப்பம் முடிவாகாதிருப்போர் இவ்விடயத்தில் ஆசை வைக்கவே கூடாது. நாட்டை விட்டு வெளியேறுவது விண்ணப்பத்தையே கைவிட்டதாகக் கொள்ளப்படலாம்.

நாம் அறிந்த குடும்பமொன்று சில வருடங்களுக்கு முன்னர் பதினொரு பேராகக் கப்பலேறச் சென்றது. பயணத்தை விற்ற முகவர் 'எல்லாம் ஐரோப்பாதானே' என்று சொல்லியிருந்தார். ஏறும் மேடையில் அலுவலர் தாயாரின் பயண ஆவணத்தைப் புரட்டினார். மூன்றாம் நாள் துறைமுகத்துக்கான விசா அதில் இல்லை. பதினொரு பேரில் பத்துப் பேர் ஏறலாம் என்றார். எழுபது வயதான தாயை யார் கூட்டிக்கொண்டு திரும்புவது என்று பிள்ளைகள் துறைமுக மண்டபத்தில் நின்று பேசினார்கள். 'நீங்கள் போங்கோ, நான் ஏற்கெனவே கப்பலிலே வந்தனான்தானே' என்று அம்மா சொன்னாராம். மூத்த மகள் அவரோடு திரும்பினார். பணம் திரும்பவில்லை, ஆவணங்களுக்குப் பிரயாணியே பொறுப்பு என்று ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் இருந்தது.

இக்கடலில் இறங்க அனுமதியற்றோரின் கதை உல்லாசக் கப்பல்களையும் தொட்டிருக்கின்றது. 2014 செப்டெம்பரில் கிரேக்கத் தீவுகளைச் சுற்றித் திரும்பிய சைப்பிரஸ் உல்லாசக் கப்பலொன்று, நடுக்கடலில் தத்தளித்த படகிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றியது. அவர்களிற் பெரும்பாலானோர் சிரியர். லிமசோல் துறைமுகத்தில் உல்லாசப் பிரயாணிகள் இறங்கிப் போயினர். காப்பாற்றப்பட்டவர்களோ இத்தாலிக்கே போகவேண்டும் என்று பல மணித்தியாலங்கள் இறங்க மறுத்தனர். கப்பலின் பெயரில் இருந்த 'பிலொக்சேனியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு அந்நியரை உபசரித்தல் என்று பொருள்.

எம்மவரைப் பொறுத்தவரை இதற்கும் முந்தியது ஒன்று. 1996 நத்தார் இரவில், மால்ற்றாவுக்கும் சிசிலிக்கும் இடையே, பெரிய கப்பலொன்றிலிருந்து சிறிய படகொன்றுக்கு ஆட்கள் மாற்றப்பட்டபோது அப்படகு மூழ்கியது. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளைச் சேர்ந்த 283 பேராவது மாண்டனர்; தமிழ் இளைஞர் பலர் அவர்களுள் அடங்குவர். பிழைத்தவர்கள் கிறீசில் இறக்கப்பட்டார்கள். அவர்கள் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. சிசிலியின் தென்கோடியில் உள்ள பொர்த்தோபாலோ என்ற ஊரின் மீனவர் வலைகளில் சடலங்கள் சிக்கின. தொழில் முடங்கும் என்றஞ்சி அவை மீண்டும் கடலில் இடப்பட்டன. வலையில் வந்த தமிழ் இளைஞர் ஒருவரின் அடையாள அட்டையை வைத்து, ஒரு மீனவரும் ஒரு பத்திரிகையாளரும் முயன்றதன் பேறாக 2001இல் நூறு மீற்றருக்கும் கீழே படகு கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்தாண்டு காலம் நடக்கவேயில்லை என்று கூறப்பட்ட சம்பவம் அப்போதுதான் நடந்ததாயிற்று.

வலெற்றாவிலிருந்து சிசிலியின் கிழக்குக் கரைக்குச் செல்லும் உல்லாசக் கப்பல்கள் அக்கடற்பகுதியின் வழியேதான் போகின்றன. அன்று தம்பியை இழந்த ஒருவர், இவ்வருடக் கோடையில் அவ்வூரின் கரையில் நின்று ஒரு பூவையாவது போட்டுவர முடியுமா என்று எம்மிடம் விசாரித்தார். முடியும். எமக்குக் கிடைத்த கம்பனிகளின் சுற்றுலாப் பட்டியல்கள் எதிலும் பொர்த்தோபாலோ இல்லை. சிராக்கூசாவில் தரிக்கும் கப்பலைத் தெரிவுசெய்ய வேண்டும். அங்கிருந்து தெற்கே வாடகைக் காரில் சுமார் ஒரு மணித்தியாலம். சாரதியிடம் திரும்பும் நேரத்தை முதலிலேயே பேசி, கப்பல் புறப்படுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னதாகத் துறைமுகத்துக்கு வந்துவிட வேண்டும். தனியே போனவருக்காகக் கப்பல் நிற்பதில்லை.