தடை நீங்கிய பின்

முதுமையில் வரும் பிணிகள் பலவற்றை நாம் தயக்கமின்றிப் பிறரிடம் சொல்லுகின்றோம். மூட்டு நோவும், கண்ணிற் படலமும், நீரிழிவும் திண்ணைப் பேச்சிலே தாராளமாக அடிபடுகின்றன. ஒன்றைச் சொல்ல மட்டும் நா எழுவதில்லை. சலங் கழிப்பதில் நேரும் இடரே அது. இரவிலே நான்கைந்து முறை எழுந்து நடக்கும் முதியவரிடம் காலையிற் காரணம் கேட்டால், "வயது போனால் நித்திரை ஏது?" என்று மழுப்பிவிடுவார்.

இவ்விடருக்குப் பெரும்பாலும் காரணமாவது புரொஸ்டேட் என்னும் சுரப்பியாகும். ஆண்களுக்கு மாத்திரம் உரிய இச்சுரப்பி, சலப்பையின் வாயிலிலே, சலம் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்துள்ளது. இளமையில் ஏறக்குறைய 20 கிராம் நிறையுடைய இது, நடுவயதின் பின் மெல்ல மெல்லப் பெருக்கின்றது. 60 வயதடைந்த ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இப்பெருக்கத்தைக் காணலாம். இது புற்றுநோயன்று. பெருத்த சுரப்பி குழாயை நெருக்க, அந்நெருக்கத்தை வெல்லும் பொருட்டுச் சலப்பை மேன்மேலும் பலமாகச் சுருங்க வேண்டியதாகின்றது. பலருக்கு மருந்தினாலேயே குணம் உண்டாகும். மருந்துக்கு அடங்காவிடத்தும், சலம் முற்றாகத் தடைப்பட்டவிடத்தும் சத்திரசிகிச்சை வேண்டியதாகலாம்.

இக்காலத்தில் இதற்காக வயிற்றைக் கீறுவது அருமை. சலக்குழாயின் வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி, மின்சாரக் கம்பி வளையத்தாற் சுரப்பியின் உட்பகுதியைச் சீவி எடுத்துவிடுகின்றனர். ஒரு மணித்தியால அளவில் வேலை முடிந்துவிடும். சலம் வடிவதற்கு வைத்த இறப்பர்க் குழாயையும் பெரும்பாலோருக்குச் சில நாட்களில் எடுத்துவிடுவர். வெளியே தையலுமில்லை, காயமுமில்லை. ஆகவே, எல்லாம் முடிந்தது என்று வீட்டார் எண்ணிவிடுகின்றனர். முடிந்தது தடை மாத்திரமே. தேறுதல் அப்பொழுதுதான் தொடங்குகின்றது என்பதை வலியுறுத்தவே நாம் இதனை எழுதுகின்றோம்.

கண்ணுக்குத் தெரியாவிடினும் உள்ளே ஒரு புண் இருக்கின்றது. அது ஆறப் பல வாரங்கள் செல்லும். அன்றியும், மூடிய கதவை ஆண்டுக்கணக்காகத் தள்ளிப் பழகிய ஒருவன், கதவு திடீரெனத் திறந்ததும் நிலைதடுமாறுவானன்றோ? சலப்பையின் நிலையும் அத்தகையதே. ஆதலால், சத்திரசிகிச்சையின் பின் சில வாரங்களுக்கு, சிலருக்குச் சில மாதங்களுக்கு, அவசரமும் அடக்கமுடியாத கசிவும் இருத்தல் கூடும். இது பெரும்பாலும் நாளடைவில் நீங்கிவிடும்.

இதனை அறியாத முதியவர் என் செய்கின்றார்? உடுத்த சாரம் நனைந்துவிடுமோ என்று அஞ்சிக் கோயிலுக்குப் போவதை நிறுத்துகின்றார். கலியாண வீட்டுக்கு மறுப்புச் சொல்லுகின்றார். மருமகள் காணக்கூடாதென்று நனைந்த துணியைத் தாமே ஒளித்து வைக்கின்றார். ஈற்றிலே தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகின்றார். கேடு விளைவது இங்கேதான். நீர் குறைந்தாற் சலம் கடுத்து எரியும், கிருமி பற்றும், இரத்தம் கட்டியாகிக் குழாயை அடைக்கும், மலமும் இறுகும். பத்தியம் என்ற பெயரால் வீட்டாரே நீரைக் குறைப்பதும் உண்டு. அதுவும் தவறு. இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் வைத்தியர் குறித்த அளவைக் கொள்ளுக. ஏனையோர் நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் அளவில் பருகுதல் நன்று. அதிற் பெரும்பகுதியைப் பகலிலேயே பருகிவிட வேண்டும். கோப்பியையும் தேநீரையும் குறைத்துக்கொள்ளலாம்.

முதற் சில வாரங்களிற் சலம் இடையிடையே இளஞ்சிவப்பாகத் தோன்றலாம். 10 முதல் 14 நாட்களில், உட்புண்ணின் பொருக்கு உதிரும்போது மீண்டும் சிறிது இரத்தங் காணும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஓய்வெடுத்து நீர் பருகினாற் போதும். ஆனால் இரத்தம் கட்டிகட்டியாக வந்தாலும், சலம் போகாது நின்றாலும், குளிருடன் காய்ச்சல் கண்டாலும், விடியட்டும் என்று காத்திராது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் அதனை மீண்டும் எப்போது தொடங்குவதென்பதை வைத்தியரிடமே கேட்டறிய வேண்டும்.

நான்கு முதல் ஆறு வாரங்களுக்குக் கிணற்றில் நீர் அள்ளுதல், மூட்டை தூக்குதல், சைக்கிள் ஓட்டுதல் ஆகியவை ஆகா. மலங்கழிக்க முக்குதலும் கூடாது. கீரையும் பப்பாசிப்பழமும் வாழைப்பழமும் துணைசெய்யும். சலத்தை அடக்குவதுபோல அடித்தசைகளை இறுக்கிச் சில விநாடிகள் வைத்திருந்து தளர்த்தும் பயிற்சியை நாள்தோறும் பலமுறை செய்து வந்தாற் கசிவு குறையும். மலகூடம் வளவின் பின்புறத்தே உள்ள வீடுகளில், இரவிலே கட்டிலருகில் ஒரு பாத்திரமும், நடைவழியில் ஒரு விளக்கும் வைத்தல் வேண்டும். இருளில் அவசரமாக எழுந்தோடி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது, வந்த நோயினுங் கொடிதாகும்.

இல்லற உறவு பற்றிய ஐயங்களையும் வைத்தியரிடம் நேரே கேட்பதில் இழுக்கில்லை. இச்சிகிச்சையின் பின் விந்து வெளிவராது சலப்பைக்குட் சென்று சலத்துடன் கழிதல் சாதாரணமானது. அதனால் உடலுக்குத் தீங்கில்லை. மேலும், எடுக்கப்பட்டது சுரப்பியின் உட்பகுதியே. புற்றுநோய் பெரும்பாலும் தோன்றுவது எஞ்சியிருக்கும் வெளிப்பகுதியிலாதலால், வைத்தியர் சொல்லும் பிற்காலப் பரிசோதனைகளைக் கைவிடலாகாது.

உடல் தேறுவதற்கு முன்னர் மனம் தளர்ந்துவிடுவதும் உண்டு. "இனி எனக்கென்ன இருக்கிறது?" என்று, காணி உறுதி எழுத நொத்தாரிசைத் தேடும் பெரியவர்களை நாம் காண்கின்றோம். அவர்கள் அறியவேண்டிய சரித்திரம் ஒன்றுண்டு. 1963ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இங்கிலாந்தின் பிரதம மந்திரியாகவிருந்த ஹரோல்ட் மக்மிலனுக்கு இந்நோயினாற் சலம் தடைப்பட்டது. அப்போது அவருக்கு வயது 69. 10ஆந் திகதி சத்திரசிகிச்சை நடந்தது. பதவி விலகும் அவருடைய முடிவு அன்றே கட்சி மகாநாட்டில் வாசிக்கப்பட்டது. புற்றுநோயோ என்று அஞ்சியிருந்தார், அது புற்றுநோயன்று. அதன்பின் 23 ஆண்டுகள் வாழ்ந்து, 1986 டிசம்பரில், தமது 92ஆவது வயதிலேயே அவர் காலமானார். நோய்ப்படுக்கையில் இருந்துகொண்டு வாழ்நாளுக்குக் கணக்கு முடித்தல் தகாது என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

2024 ஜனவரியில் அதே நாட்டின் மன்னர் மூன்றாம் சார்ள்ஸ், 75ஆவது வயதில், இதே சுரப்பிக்குச் சிகிச்சை பெறப்போவதை உலகறியச் செய்தார். மற்றை ஆண்களும் தம்மைப் பரிசோதித்துக்கொள்ளத் தூண்டுவதே அதன் நோக்கம். முடிசூடிய மன்னர் வெளிப்படச் சொன்னதை நம் வீட்டுப் பெரியவர் தம் மகனிடமேனும் சொல்லலாகாதா?

அவர் சொல்லும்படி செய்வது வீட்டாரின் கடன். மகன் தனிமையில் இருந்து விசாரிக்க வேண்டும். நனைந்த துணியைக் கண்டால் முகஞ்சுளியாது, வாய்பேசாது, மாற்றுத்துணி வைத்துவிட வேண்டும். மாணவர்களே, உங்கள் அப்பப்பாவோ அம்மப்பாவோ இச்சிகிச்சை பெற்று வீடு வந்திருந்தால், பாடசாலைக்குப் புறப்படுமுன் ஒரு செம்பு தண்ணீரை அவர் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மாலையில் வந்ததும் அது குறைந்திருக்கின்றதா என்று பாருங்கள். குறையவில்லையெனில், அருகிலிருந்து பருகச் செய்யுங்கள்.