கோப்பை நாயா, குழம்பு நாயா?

பொங்கல் லீவில் திட்டக்குடி போயிருந்தேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சில் ஒரு முனையில் என் தாய்மாமா. மறு முனையில் உரக்கடைக்காரர். நடுவில் நான், கையில் ஆறிப்போன டீயோடு. எதிரெதிர் வீட்டுக்காரர்கள்தான். ஆனால் கொஞ்ச நாளாக நேருக்கு நேர் பேச்சில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

"மாப்ளே, அந்தாளுகிட்ட சொல்லு. நாய்னா அது நடையில தெரியணும்."

"தம்பி, உங்க மாமாகிட்ட சொல்லுங்க. நடக்கறதுக்கு நாய் எதுக்கு? டாக்டர் சொன்னா நானே நடப்பேன்."

விஷயம் இதுதான். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே வேனில் விருதுநகர்ப் பக்கம் போய், ஒரே ஈத்துச் சிப்பிப்பாறைக் குட்டிகள் இரண்டை வாங்கி வந்தார்கள். ஒன்று மாமா வீட்டில் 'பிரின்ஸ்' ஆனது. இன்னொன்று உரக்கடையில் 'செவலை' ஆனது. ஒரே தாய், ஒரே தகப்பன். வளர்ப்புதான் வேறே வேறே.

பிரின்ஸுக்கு வாரம் ஒரு ஷாம்பூ குளியல். சென்னை, கோயமுத்தூர் என்று நாய்க் கண்காட்சி நடக்கும் ஊரெல்லாம் பார்த்தாகிவிட்டது. அங்கே ஜட்ஜ் வருவார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். முதுகைத் தடவுவார். வேறு சில இடங்களிலும் கைவைத்து, 'இரண்டும் இருக்கிறதா' என்று சரிபார்ப்பார் (நமக்குக்கூட வேலைக்குச் சேரும்போது மெடிக்கல் இவ்வளவு கறார் இல்லை). அப்புறம் வட்டமாக ஓட்டிக் காட்டச் சொல்வார். ஓட்டம் என்றால் நம் ஓட்டமில்லை, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி ஒரு நடை. மாமா வீட்டு ஷோகேஸில் மூன்று கோப்பைகள் இருக்கின்றன. ஒன்றில் அத்தை ஊக்கு போட்டு வைத்திருக்கிறார்.

செவலைக்குக் கோப்பை கிடையாது. குழம்புதான். ராத்திரி டார்ச்சோடு கொல்லைப்பக்கம் போவார்கள். முயல் எழும்பும். செவலை பறக்கும். அஞ்சு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டு துண்டு. பி.காம். படித்தவன் கண்ணோடு பார்த்தால் இரண்டு வீட்டிலுமே நஷ்டக் கணக்குதான்.

ஆனால் உரக்கடைக்காரரின் நஷ்டத்தில் ஜெயிலும் சேரும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, சிறு பிராணிகளை லைசென்ஸ் வாங்கி வேட்டையாட ஒரு சந்து விட்டு வைத்திருந்தார்கள். 1991 திருத்தத்தில் அந்தச் சந்தையும் அடைத்துவிட்டார்கள். முயல், கௌதாரி எதையும் தொடக்கூடாது. (காடைதான் வேண்டுமென்றால் பரோட்டா கடையில் பண்ணையில் வளர்த்த ஜப்பான் காடை கிடைக்கும்.) "நான் கொல்லலே சார், நாய்தான் சும்மா துரத்துச்சு" என்பதும் செல்லாது. அந்தச் சட்டத்தில் துரத்துவதும் வேட்டை, பொறி வைப்பதும் வேட்டை, முயற்சி செய்வதும் வேட்டை. பக்கத்து ஊரில் நாலு பேர் மாட்டியதிலிருந்து உரக்கடைக்காரர் டார்ச்சை எடுப்பதில்லை. இரண்டு வருஷமாகச் செவலைக்கு லாரிக்கு அடியில் தூக்கம்தான்.

இந்தச் சண்டை திட்டக்குடிக்கு மட்டும் சொந்தமில்லை. 1859-ல் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் நாய்க் கண்காட்சி வைத்தபோது, வந்ததெல்லாம் பாயிண்டர், செட்டர் என்கிற பறவை வேட்டை நாய்கள். கௌதாரி ஒளிந்திருக்கும் இடத்தை மோப்பத்திலேயே கண்டுபிடித்துச் சிலை மாதிரி நிற்குமே, அந்த ஜாதி. ஜெயித்தவர்களுக்குப் பரிசு என்ன தெரியுமா? துப்பாக்கி! ஆனால் அழகாக நிற்கிற நாய்க்கு மூக்கு வேலை செய்கிறதா என்று மேடையில் எப்படித் தெரியும்? 1865-ல் சவுத்ஹில் என்ற இடத்தில் வயல்வெளியிலேயே பரீட்சை வைத்தார்கள். அதற்கும் ஜட்ஜ், அதற்கும் மார்க். உடனே மூன்றாவது கட்சி ஒன்று கிளம்பியது: "மார்க்குக்கு ஓடுற நாய் வேறே, வேட்டைக்கு ஆகுற நாய் வேறே!" இன்றைக்கு ஸ்பிரிங்கர் ஸ்பானியல் என்ற ஒரே ஜாதியில் கண்காட்சி நாயையும் வயல் நாயையும் பக்கத்தில் நிறுத்தினால், இரண்டும் உறவென்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். எதை இணை சேர்க்கிறோமோ, அதுதானே அடுத்த தலைமுறை?

திட்டக்குடியிலும் பிரச்னை வெடித்தது அங்கேதான். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடம் ஒரு சிப்பிப்பாறைப் பெட்டை இருக்கிறது. பிரின்ஸா, செவலையா? அதற்குத்தான் டீக்கடைப் பஞ்சாயத்து.

"ஓட விட்டுப் பாத்துடலாம்" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

முயலுக்கு எங்கே போவது? அறுவடை முடிந்த மக்காச்சோளக் கொல்லையில் பழைய சைக்கிள் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். பின்சக்கரத்து டயரைக் கழற்றிவிட்டு, ரிம்மில் நைலான் கயிறு. கயிற்று நுனியில் வெள்ளை வேட்டிக் கிழிசல். முயல் மாதிரி வளைந்து போகட்டும் என்று நடுவில் நாலைந்து முளைக்குச்சிகள். ஒரு பையன் கையால் பெடல் சுற்ற, கிழிசல் பறந்தது. சிப்பிப்பாறை மூக்கை நம்புகிற நாயில்லை. கண்ணால் பார்த்துத் துரத்துகிற ஜாதி. இரண்டும் பாய்ந்தன.

பிரின்ஸ் கிழிசலுக்குப் பின்னாலேயே ஒவ்வொரு திருப்பத்திலும் வளைந்து வளைந்து ஓடியது. செவலை இரண்டு திருப்பம் வரைக்கும் ஓடிவிட்டு நின்றது. ஒரு பார்வை பார்த்தது. நேராகக் குறுக்கே நடந்துபோய், கிழிசல் வருகிற இடத்தில் காத்திருந்து லபக்கென்று கவ்வியது.

"அழுகுணி ஆட்டம்!" என்று மாமா குதித்தார்.

"யோவ், அதுக்குப் பேருதான்யா வேட்டை!" என்றார் உரக்கடைக்காரர். முதல் தடவையாக நேருக்கு நேராக.

இங்கிலாந்தில் 1836 முதல் 2005 வரை நடந்த வாட்டர்லூ கோப்பை முயல் பந்தயத்தில் மாமா கட்சிதான் ஜெயிக்கும். முயலைப் பிடித்ததற்கு அங்கே பெரிய மார்க் கிடையாது. வேகத்துக்கும், முயலைத் திருப்பியதற்கும்தான் மார்க். எனக்கென்னவோ செவலைமேல்தான் மனசு. அது வேலை தெரிந்த கிழட்டு ஹெட்கிளார்க் மாதிரி.

ஆனால் மாமா அதற்குமேல் சண்டை போடவில்லை. பிரின்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். தோலில் கீறல் விழுந்தால் மார்க் போகும் என்று அஞ்சு வருஷமாக அதைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்ததேயில்லை. கிழிசல் போன பிறகும் அது தனியாகக் கொல்லையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. சோளத் தட்டை குத்தி முன்னங்காலில் ரத்தம். அடுத்த மாசக் கண்காட்சி அவ்வளவுதான்.

"மாப்ளே... இப்படி ஓடுமாடா இது?" என்றார்.

பெட்டைக்காரர் அதுவரை வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார்.

"அண்ணே, ரெண்டும் நல்லாத்தான் ஓடுது. நமக்கு நைட் ஷிப்ட். பகல்ல தூங்கணும். இதுல எது கொலைக்காது?"