விலை சிறிது, இழப்பு பெரிது

2025 ஏப்ரலில் ஏழு வகை அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றைக் கொண்டு செய்யப்படும் காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. சில வாரங்களிலேயே இந்திய வாகன நிறுவனங்களை உற்பத்தி முடங்கிவிடுமோ என்ற அச்சம் பற்றிக்கொண்டது. ஒரு மின்வாகனத்தின் விலையில் அந்தக் காந்தத்தின் பங்கு மிகச் சிறியது. ஆனால், அது வந்து சேராவிட்டால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லையேல் வாகனமும் இல்லை.

ஒரு பொருளின் விலை வேறு. அது கிடைக்காமல் போனால் நேரும் இழப்பு வேறு. பெரும்பாலான நிறுவனங்கள் முதலாவதை மட்டுமே அளக்கின்றன.

இதற்குக் காரணம் அறியாமை அன்று. கணக்கு எழுதும் முறை. கூடுதல் கையிருப்புக்கு வட்டியும் கிடங்கு வாடகையும் உண்டு. கொள்முதலை இருவரிடம் பிரித்துக் கொடுத்தால் மொத்தமாக வாங்குவோருக்குக் கிடைக்கும் தள்ளுபடி குறையும். இவை அனைத்தும் காலாண்டு அறிக்கையில் செலவாகத் தென்படும். நேராமல் தடுக்கப்பட்ட இழப்போ எந்தப் பேரேட்டிலும் வரவாகப் பதிவாவதில்லை. ஆகவே, செலவைக் குறைத்த கொள்முதல் மேலாளருக்குப் பாராட்டும், முன்னெச்சரிக்கைக்காகச் செலவிட்டவரிடம் விளக்கம் கேட்பதும் வழக்கமாகிவிட்டன.

2000 மார்ச்சில் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில் உள்ள பிலிப்ஸ் சில்லு ஆலையில் மின்னலால் தீப்பிடித்தது. சுமார் பத்து நிமிடங்களில் தீ அணைந்துவிட்டது. ஆனால், தூசு புகாத உற்பத்திக் கூடங்கள் புகையால் பாழாயின. நோக்கியா, எரிக்சன் ஆகிய இரண்டும் அந்த ஆலையின் வாடிக்கையாளர்கள். நோக்கியா உடனே களமிறங்கி மாற்று வழிகளைத் தேடிக்கொண்டது. செய்தியை இலேசாக எடுத்துக்கொண்ட எரிக்சனிடம் மாற்று விற்பனையாளர் இல்லை. அதற்கு நேர்ந்த இழப்பு ஏறத்தாழ 40 கோடி டாலர்.

எல்லாப் பொருளையும் குவித்து வைக்க இயலாது என்பது உண்மை. அதனால்தான் அளவீடு தேவைப்படுகிறது. ஒரு விற்பனையாளர் முடங்கினால் அவர் மீள எத்தனை நாள் ஆகும்? அதுவரை நம் ஆலை எத்தனை நாள் தாங்கும்? இவ்விரண்டுக்கும் இடையே உள்ள நாள்களின் இழப்பே உண்மையான இடர். எம்.ஐ.டி. பேராசிரியர் டேவிட் சிம்சி-லெவியுடன் இணைந்து ஃபோர்டு நிறுவனம் இவ்வழியில் ஆராய்ந்தபோது, மலிவான சில பாகங்களின் பின்னால் மிகப் பெரிய இழப்பு ஒளிந்திருப்பது தெரியவந்தது. விலையுயர்ந்த பாகங்களை மட்டும் கண்காணிப்பவர்களுக்கு இது புலப்படாது.

இதில் ஓர் அறக்கேள்வியும் உண்டு. உற்பத்தி நின்றால் முதலில் ஊதியம் இழப்பவர் ஒப்பந்தத் தொழிலாளி. ஆர்டர் ரத்தாகி வங்கித் தவணைக்குத் தவிப்பது அம்பத்தூரிலோ ஒசூரிலோ உள்ள குறுந்தொழில் கூடம். கையிருப்பை நீயே வைத்துக்கொள் என்று சிறு உற்பத்தியாளரிடம் சொல்லும் பெருநிறுவனம் இடரைக் குறைக்கவில்லை. தாங்கும் வலிமை குறைந்தவரின் தோளுக்கு அதை மாற்றிவிடுகிறது.

எனவே, இரண்டு மாற்றங்கள் வேண்டும். விநியோகச் சங்கிலியின் இடரைக் கொள்முதல் பிரிவின் கவலையாக விட்டுவிடாமல், ஆண்டுதோறும் இயக்குநர் குழு நாள்களிலும் ரூபாயிலும் கணக்கிட்டு ஆராய வேண்டும். கூடுதல் கையிருப்பைக் கோரும் நிறுவனம் அதற்கான செலவிலும் பங்கேற்க வேண்டும். காப்பீட்டுக் கட்டணத்தை எவரும் வீண்செலவு என்பதில்லை. மாற்று வழிகளுக்காகும் செலவையும் அவ்வாறே கருதும் நிறுவனமே அடுத்த தடையைத் தாண்டும்.