இயற்கை முறைப் பாலும் அதிக விலையும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பங்களுக்குக் கறவை மாடே அன்றாடப் பணவரவு தருவது என்பதை யாவரும் அறிவர். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இடாது விளைந்த தீவனத்தால் வளர்த்த மாட்டின் பால், ‘ஆர்கானிக்’ என்னும் பெயரால் நகரங்களில் அதிக விலைக்கு விற்கப்படுகின்றது. அம்முறையை மேற்கொள்ளலாமா என்று நிலக்காரரும், அவ்விலை கொடுக்கலாமா என்று வாங்குவோரும் ஆலோசிக்கின்றனர். அதிக விலை பெயருக்கன்று, மெய்ப்பிக்கப்பட்ட குணத்திற்கே உரியது என்பதே இருவருக்கும் தக்க விடையாகும்.

முதலாவது, சத்து. 2016-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தார் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கியதில், இயற்கை முறைப் பாலில் ஒமேகா-3 கொழுப்பு சுமார் 50 சதவீதம் அதிகமாகவும், அயோடின் குறைவாகவும் காணப்பட்டன. அம்மிகுதிக்கு முக்கிய காரணம் பசும்புல்லே. வைக்கோலும் தவிடுமே தின்னும் மாட்டிற்கு முத்திரையால் மட்டும் அந்நன்மை வாராது.

இரண்டாவது, தீங்கு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 77 மாதிரிகளில் நோய்க்கொல்லி மருந்தும், 368 மாதிரிகளில் அப்லாடாக்ஸின் எம்1 என்னும் நஞ்சும் அளவுக்கு மிஞ்சியிருந்தன. நஞ்சு மிஞ்சியவற்றுள் தமிழ்நாட்டு மாதிரிகளே அதிகம். இந்நஞ்சு பூசணம் பிடித்த தீவனத்தால் உண்டாவது. பாலைக் காய்ச்சினாலும் நீங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரமேறிய கடலைப் புண்ணாக்கு, இயற்கை முறையில் விளைந்ததாயினும் பூசணம் பிடிக்கவே செய்யும். ஆகவே புண்ணாக்கைத் தரையில் குவியாமல் பலகைமேல் அடுக்குவதும், பூசணம் கண்டதை மாட்டிற்கு இடாமல் ஒழிப்பதும், மடிநோய்க்கு மருந்திட்டபின் மருத்துவர் குறித்த நாள்வரை பாலை விற்காதிருப்பதும் எல்லா மாட்டுக்காரரும் உடனே செய்யத்தக்கவை. இவற்றிற்குச் செலவும் சொற்பமே.

மூன்றாவது, கணக்கு. உதாரணமாக, 8 லிட்டர் கறக்கும் மாட்டின் பாலை லிட்டர் 40 ரூபாய்க்கு விற்றால் நாள் வரவு 320 ரூபாய். தீவன மாற்றத்தால் கறவை 6 லிட்டராகக் குறையின், அதே வரவுக்கு லிட்டர் 53 ரூபாய்க்கு மேல் விற்கவேண்டும். நிலத்தை மாற்றுவதற்குப் பொதுவாக இரண்டு வருஷம் செல்லும். அதுவரை அதிக விலையை எதிர்பார்க்கலாகாது. ஆதலின், கடைத் தீவனத்தையே நம்பியிருப்போர் இதில் இறங்குதல் நஷ்டமே தரும். பாசன வசதியும் சொந்தப் பசுந்தீவன நிலமும் நிலையான வாடிக்கையும் உடையோருக்கே இம்முறை தகும். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, சான்று பெற்ற பொருளையே கடைகளில் இப்பெயரால் விற்கலாம். ஐந்து விவசாயிகளேனும் கூடிப் பங்கேற்பு உத்தரவாத முறையில் சான்று பெறுவது சிறு நிலக்காரருக்குச் செலவு குறைந்த வழி.

கிராம அதிகாரிகள் இத்தகைய குழுக்களை அமைக்கத் துணைபுரிவதோடு, பால் சங்கங்களில் நஞ்சுச் சோதனை ஒழுங்காக நடைபெறுமாறு வற்புறுத்துதல் வேண்டும். குழந்தைகள் அருந்தும் பால் எல்லா வீட்டிலும் தூயதாயிருத்தலே முதற்கண் வேண்டுவது. அதிக விலை அதன் பின்னரே ஆலோசிக்கத் தக்கது.