புக்ககம் புகாத யந்திரம்

சென்ற வாரம் ஒரு நாள் இரவு ஒன்பது மணி இருக்கும். மாடி வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டினார். கண்கள் சிவந்திருந்தன. மாமியார் மருமகள் தகராறோ என்று பயந்துவிட்டேன், நேயர்களே! தகராறு என்னவோ அந்த ரகம்தான். ஆனால் மாமியாரும் ஒரு கம்ப்யூட்டர், மருமகளும் ஒரு கம்ப்யூட்டர்.

குழந்தைகளுக்காக ஏழு வருஷம் உத்தியோகத்தை விட்டிருந்தவர் அவர். மறுநாள் காலை ஒரு ஸ்தாபனத்தில் செய்முறைப் பரீட்சை. அதற்காக ஒரே லாப்டாப்பில் மூன்று யந்திரங்களை வைத்துப் பழகிக்கொண்டிருந்தார். ஒன்றுக்குள் மூன்றா என்கிறீர்களா? ஒரே வீட்டைத் தடுத்து மூன்று குடித்தனம் வைப்பதில்லையா? அப்படித்தான். 'வர்ச்சுவல் மெஷின்' என்று பெயர். புது யுக்தி என்று எண்ணிவிடாதீர்கள். ஐ.பி.எம். கம்பெனியார் 1960-களிலேயே இதைச் செய்துவிட்டார்கள்.

மூன்றில் ஒன்று 'டொமைன் கன்ட்ரோலர்'. யார் உள்ளே வரலாம், எதை யார் திறக்கலாம் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. சாவிக் கொத்தை இடுப்பில் செருகிய மாமியார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மைக்ரோஸாப்ட் கம்பெனியார் விண்டோஸ் 2000-உடன் கொண்டுவந்த 'ஆக்டிவ் டைரக்டரி' என்ற ஏற்பாடு இது. மற்ற இரண்டும் அந்த டொமைனில் வந்து சேர வேண்டிய மருமகள்கள். சேர்ந்தால்தானே! 'கன்ட்ரோலரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை' என்று மூன்று ராத்திரியாக ஒரே பல்லவி.

"எனக்கு மூளை துருப்பிடிச்சுப் போச்சு ஸார். நம்பரைப் போட்டு 'பிங்' பண்ணினா பதில் வருது. பேரைச் சொன்னா தெரியாதுங்கறது. நாளைக்குப் போகப்போறதில்லை" என்றார்.

எங்கள் காரியாலயத்துக் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கும் நண்பரை டெலிபோனில் பிடித்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்த மெஷினின் டி.என்.எஸ். யார்?"

டி.என்.எஸ். என்பது பெயரைச் சொன்னால் நம்பரைச் சொல்லும் ஏற்பாடு. அம்மாளின் மெஷின் ஊருக்குப் பொதுவான டி.என்.எஸ்.ஸிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. டொமைனுக்கு அவர் வைத்த பெயரோ 'வீடு.இன்டர்னல்'. அது வீட்டுச் செல்லப் பெயர். தபால் ஆபீஸில் போய் "அம்பி இருக்கானா?" என்று விசாரித்தால் யாருக்குத் தெரியும்? அம்பியின் வீட்டில் அல்லவா கேட்க வேண்டும்! இங்கே வீடு என்பது கன்ட்ரோலர்தான். 'டொமைனின் நிர்வாகி நான், என் நம்பர் இது' என்ற குறிப்பைத் தன் டி.என்.எஸ். ஏட்டில் அதுவே எழுதி வைத்திருக்கிறது. பாவம், பாதை சரியாகத்தான் இருந்தது. விசாரித்த இடம்தான் தப்பு.

நண்பர் சொல்லச் சொல்ல அம்மாள் செய்தார். ஹைப்பர்-வியில் தானாக அமைந்திருக்கும் 'டிபால்ட் ஸ்விட்ச்' வேண்டாம்; லாப்டாப்பை அணைத்துப் போட்டால் அதன் நம்பர்கள் மாறிவிடக்கூடும். புதிதாக ஒரு 'பிரைவேட் ஸ்விட்ச்' அமைத்து மூன்றையும் அதில் கோத்தார். (இன்டர்நெட் வராது. பழகுவதற்கு அது எதற்கு?) கன்ட்ரோலருக்கு 192.168.10.10 என்று நிலையான முகவரி, மருமகளுக்கு 192.168.10.20, இரண்டுக்கும் 255.255.255.0 என்ற மாஸ்க். டி.என்.எஸ். என்ற இடத்தில் 192.168.10.10 மட்டும். இரண்டாவது இடத்தில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று 8.8.8.8 போடும் வழக்கம் அம்மாளுக்கு இருந்தது. "அதை எடுங்கள். முதலாமவர் கொஞ்சம் தாமதித்தால் உடனே தெருவில் போய்க் கேட்கும்" என்றார் நண்பர். பிறகு 'என்.எஸ்.லுக்கப்' என்று அடித்து டொமைன் பெயரைக் கொடுக்கச் சொன்னார். கன்ட்ரோலரின் நம்பர் வந்தது! அது வந்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

இரண்டு சில்லறை விஷயங்களும் உண்டு. விண்டோஸ் 'ஹோம்' பதிப்பு டொமைனில் சேராது. 'புரோ' போன்றது வேண்டும். இரண்டு யந்திரங்களின் கடிகாரங்களும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் அங்கேயும் சண்டைதான். அம்மாளிடம் இரண்டும் சரியாகவே இருந்தன.

டொமைன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தார். 'டொமைனுக்கு நல்வரவு' என்று ஒரு சிறு பெட்டி திரையில் முளைத்தது. அம்மாள் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மெஷினை ஒரு தடவை அணைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது மருமகளை, நண்பரின் உதவியில்லாமல், 192.168.10.21 என்று முகவரி கொடுத்து அவரே சேர்த்துவிட்டார். மறுநாள் காலை ஏழரைக்கே புறப்பட்டுப் போனதைப் பார்த்தேன்.

அந்த ஸ்தாபனத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. மாடியில் மூன்று குடித்தனமும் சௌக்கியம். நாலாவதாக ஒன்று வைக்க லாப்டாப்பில் இடம் போதுமா என்று நேற்று என்னிடம் கேட்டார்.